ஓஐஎஸ்டி கோடைப் பயிற்சி: தொண்டி, மண்டபம் பிள்ளைகளுக்கு ஒத்து வருமா?

கடலியல், விலங்கியல், உயிரித் தொழில்நுட்பம் படிக்கிற நம் கரைப் பிள்ளைகள் கோடையில் வெளிநாடு போய்ப் படிக்க வழி தேடினால், முதலில் கண்ணில் படுவது கட்டணம் கட்டிச் சேரும் சம்மர் ஸ்கூல்கள்தான். மூன்று வாரம் வகுப்பு, ஒரு சான்றிதழ், லட்சக்கணக்கில் செலவு. அந்தக் கணக்கில் சேராத ஒன்று ஜப்பானில் இருக்கிறது. ஒகினாவா தீவில் ஒன்னா என்ற கடலோர ஊரில் இருக்கும் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகம், சுருக்கமாக ஓஐஎஸ்டி, நடத்தும் ஆய்வுப் பயிற்சி அது. இளநிலைக் கடைசி வருடங்களில் இருப்பவர்களும் முதுநிலை மாணவர்களும் போடலாம். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. போக வர விமானச் செலவு, தங்க இடம், வேலை நாள் கணக்கில் ஒரு படி, எல்லாம் அவர்களே தருகிறார்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஐந்துக்கு நான்கு. குறையும் அந்த ஒன்று எங்கே போனது என்பதற்குத்தான் மீதி எல்லாம்.

முதலில், இது வகுப்பு அல்ல. பாடத்திட்டம் இல்லை, தேர்வு இல்லை, மதிப்பெண் பட்டியல் வராது. ஓஐஎஸ்டியில் இளநிலைப் படிப்பே கிடையாது. முனைவர் பட்டம் மட்டும்தான். துறை என்ற பிரிவும் இல்லை. ஒவ்வொரு பேராசிரியருக்கும் ஓர் ஆய்வுப் பிரிவு, அதில் சிலர். அந்தக் கூட்டத்தில் ஒரு மேசையை உங்களுக்கு ஒதுக்கி, ஒரு சிறு வேலையைக் கையில் கொடுப்பார்கள். காலையில் போய் மாலையில் வர வேண்டும். இருபது வயதுப் பிள்ளைக்குச் சம வயதுக் கூட்டம் குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாஸ்டல் கலகலப்பை எதிர்பார்த்துப் போகிறவர்கள் இரண்டாவது வாரமே வாடிப் போவார்கள்.

ஆனால் கடல் படிக்கிற பிள்ளைக்கு அங்கே நடக்கும் வேலை அந்நியமானதே அல்ல. 2011-ல் அக்ரோபோரா டிஜிடிஃபெரா என்ற பவளத்தின் மரபணுத் தொகுதியை வெளியிட்டது ஓஐஎஸ்டியின் நொரியுகி சாதோ குழு. பவளம் ஒன்றின் முழு மரபணு வரிசை வெளிவந்தது அதுதான் முதல் தடவை. அடுத்த வருடம் பிங்க்டாடா ஃபுகாட்டா என்ற முத்துச்சிப்பி. மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் முத்துக்குளித்தது இதே சிப்பிக்குத்தான். 2019-ல் கடல் திராட்சை என்று அங்கே சாப்பிடுகிற காலெர்பா லெண்டில்லிஃபெரா என்ற கடற்பாசி. அதன் உறவான காலெர்பா ரசிமோசா நம் தீவுகளைச் சுற்றியும் வளர்கிறது. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தையும் கடற்பாசி ஆய்வு நிலையத்தையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு உயிரினங்கள் எல்லாம் தெரிந்த முகங்கள்தான். புதிதாக இருக்கப்போவது கருவிகளும் வேலை செய்யும் முறையும்.

இனி விண்ணப்பம். வருடத்துக்கு இரண்டு கெடு. ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் தொடங்க விரும்பினால் முந்தைய அக்டோபர் 15. அக்டோபர் முதல் மார்ச்சுக்குள் என்றால் ஏப்ரல் 15. கோடைக்குப் போக நினைப்பவர் மார்ச்சில் விழித்துக்கொண்டால் அந்த வருடம் போனதுதான். கெடு நாள் ஜப்பான் நேரப்படி முடியும் என்று வைத்துக்கொள்வது நல்லது. அங்கே நள்ளிரவு என்றால் நமக்கு இரவு எட்டரை மணி.

கேட்பவை அதிகமில்லை: சுயவிவரம், விருப்பக் கடிதம், மதிப்பெண் பட்டியல், ஒரு பரிந்துரைக் கடிதம், பாஸ்போர்ட் நகல், எந்தெந்த ஆய்வுப் பிரிவில் சேர விருப்பம் என்ற தேர்வு. பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது விருப்பக் கடிதத்தில். எல்லாப் பிரிவுக்கும் ஒரே கடிதம், அதிலும் "சிறு வயதிலிருந்தே எனக்குக் கடல் என்றால் உயிர்" என்று தொடக்கம். கடலோரத்தில் பிறந்த எல்லோருக்கும் கடல் உயிர்தான். படிக்கிறவருக்கு அதில் ஒரு தகவலும் இல்லை. அதற்குப் பதில், கையால் செய்த ஒரு வேலையை அளவோடு எழுதுங்கள். "தொண்டிக் கரைக்கு வெளியே மாதம் இரு முறை மிதவை உயிரி வலை இழுத்து, மாதிரியை 5 சதவீத ஃபார்மலினில் பதப்படுத்தி, செட்ஜ்விக் ராஃப்டர் தட்டில் 1 மில்லி விட்டு இனவாரியாக எண்ணினேன், கோபிபோடுகளைப் பேரின அளவு வரை பிரித்தறிவேன்." இந்த ஒரு வாக்கியம் ஒரு பக்க ஆர்வத்தை விட எடை கூடியது. களப்பணியில் நம் பிள்ளைகள் பலசாலிகள். பவளத் திட்டுகளில் கயிறு போட்டு அளவெடுத்த அனுபவம் பெரிய நகரத்துக் கல்லூரிகளில் பலருக்கு இருக்காது. அதை ஒற்றை வரியில் ஒளித்து வைக்கிறார்கள் என்பதுதான் வருத்தம்.

பிரிவைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்தப் பிரிவின் கடைசி இரண்டு மூன்று கட்டுரைகளைப் படித்தாக வேண்டும். முழுதும் புரிய வேண்டாம். என்ன உயிரினம், என்ன முறை, என்ன கேள்வி என்று மூன்று வரி எழுதத் தெரிந்தால் போதும். அந்தப் பிரிவு இப்போது பயிற்சியாளர்களை எடுக்கிறதா என்பதையும் பாருங்கள். பேராசிரியர் ஓய்வு பெற்றால் பிரிவே மூடப்படும். பழைய செய்தியில் பெயர் பார்த்து எழுதுவது வீண் வேலை. கணினி தெரிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: மரபணுத் தரவு குவிந்து கிடக்கும் இடம் அது. பைத்தானோ ஆர் மொழியோ கொஞ்சம் கைவந்தாலும் அதைக் கடிதத்தின் முதல் பாதியிலேயே சொல்லிவிடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் தருகிற ஆசிரியருக்குக் கல்லூரி அல்லது பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரி இருந்தால் அதையே கொடுங்கள். ஆசிரியருக்கு வரும் அஞ்சல் ஸ்பாம் பெட்டியில் விழுவது சகஜம். கெடுவுக்குப் பத்து நாள் முன்பே அவர் பக்கத்தில் நின்று பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். "ஐயா, வந்துருச்சா?" என்று நான்கு முறை கேட்கக் கூச்சப்பட்டே வாய்ப்பைக் கைவிட்டவர்கள் உண்டு.

தேர்வாகும் வாய்ப்பு குறைவு. உலகம் முழுவதிலிருந்தும் போடுகிறார்கள். சில பிரிவுகள் காணொலியில் பேசிப் பார்க்கும். ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர்களுக்குக் காலை 9 என்றால் நமக்கு விடியற்காலை 5:30. அந்த நேரத்துக்கு மின்சாரமும் இணையமும் நிச்சயமாக இருக்கும் இடத்தை முதல் நாளே பார்த்து வையுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை, எதிரில் இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அது தாய்மொழி இல்லை. செய்த வேலையைப் படிப்படியாகச் சொல்லத் தெரியவில்லை என்றால்தான் கஷ்டம்.

பாஸ்போர்ட் விஷயத்தில் தமிழ்நாட்டுக்கே உரிய தலைவலி ஒன்று உண்டு: இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் "மு. ஃபாத்திமா", பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி, ஆதாரில் அப்பா பெயர் விரித்து. விசாவுக்காக ஜப்பான் தரப்பு வாங்கித் தரும் குடியேற்றத் தகுதிச் சான்று பாஸ்போர்ட்டில் உள்ளபடியே வரும். விமான டிக்கெட்டும் அதே எழுத்தில் இருக்க வேண்டும். புதிதாக எடுப்பவர்கள் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டால் பாதித் தொல்லை விட்டது. ஏற்கெனவே காலியாக இருந்தால், ஒவ்வொரு படிவத்திலும் ஒரே மாதிரி நிரப்புங்கள், மதிப்பெண் பட்டியலில் உள்ள பெயரும் இவரும் ஒருவரே என்று கல்லூரியில் கடிதம் வாங்கி வையுங்கள். நம் ராமநாதபுரம் மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலக எல்லைக்குள் வருகிறது. போலீஸ் விசாரணைக்கும் சேர்த்து நாள் விட்டு, ஆகஸ்டுக்குள் கையில் இருக்கும்படி பாருங்கள்.

விசாவில் 90 நாள் என்பதுதான் கோடு. அதற்கு மேல் தங்க வேண்டுமென்றால் குடியேற்றத் தகுதிச் சான்று வேண்டும். அதை ஓஐஎஸ்டி ஜப்பானில் விண்ணப்பித்து வாங்கி அனுப்பும். வர வாரங்கள் ஆகும், சில சமயம் இரண்டு மூன்று மாதம். வந்த பிறகு மூன்று மாதத்துக்குள் நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். எந்த வகை விசா என்பதை அவர்கள் சொல்வார்கள், நாமாகப் "சுற்றுலா" என்று எழுதி வைக்கக் கூடாது. விசா மனு சென்னை விண்ணப்ப மையத்தில். சேது எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிக் காலையில் கொடுத்துவிட்டுத் திரும்பலாம். கீழக்கரை, தேவிபட்டினம் டிராவல்ஸ்காரர்கள் வளைகுடா நாட்டு வேலைகளில் கெட்டிக்காரர்கள். ஜப்பான் படிப்பு விசா அவர்கள் அன்றாடம் பார்ப்பதல்ல. இதற்கென்று ஏஜென்ட் வைத்துக் காசு கொடுக்க ஒரு தேவையும் இல்லை.

சென்னையிலிருந்து ஒகினாவாவின் நாஹா நகருக்கு நேரடி விமானம் கிடையாது. டோக்கியோ, ஒசாகா போன்ற ஜப்பான் நகரம் ஒன்றில் இறங்கி உள்நாட்டு விமானம் மாறலாம், அல்லது வேறு ஆசிய நகரம் வழியாக நேராக நாஹா போகலாம். 90 நாளுக்கு மேல் தங்குகிறவருக்கு முதல் வழி மேல். நரிடா, ஹனெடா, கன்சாய், ஃபுகுவோகா போன்ற சில விமான நிலையங்களில்தான் குடியிருப்பு அட்டையைக் கையோடு தருவார்கள். நாஹாவில் இறங்கினால் அது பிறகு தபாலில் வரும். அட்டை இல்லாமல் பேசும் எண்ணோடு சிம் வாங்குவதும் வங்கிக் கணக்கு திறப்பதும் இழுபறி. அட்டை வந்தாலும் 14 நாளுக்குள் ஒன்னா ஊராட்சி அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும். ஜப்பானில் முதலில் இறங்கும் இடத்தில் பெட்டியை எடுத்துச் சுங்கம் முடித்து, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி போட வேண்டும். மூன்று மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

பணம். படி வேலை நாளுக்கு 2,400 யென், வரிக்கு முன்; சில வருடங்களாக இருந்துவரும் கணக்கு இது, உங்கள் அழைப்புக் கடிதத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் செல்லும். மாதம் 21 வேலை நாள் என்றால் 50,400 யென், நம் காசில் ஏறக்குறைய முப்பதாயிரம் ரூபாய். வாடகை இல்லாததால் சமைத்துச் சாப்பிட்டால் போதும், கடையில் சாப்பிட்டால் போதாது. அரிசி விலை கேட்டால் மயக்கம் வரும்: 2025-ல் 5 கிலோ பை 4,000 யென்னைத் தாண்டியது, அதாவது கிலோ 450 ரூபாய்க்கு மேல். அதுவும் குட்டையான, ஒட்டுகிற அரிசி.

முதல் படிப் பணம் கைக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும் என்று வைத்தே கிளம்ப வேண்டும். இங்கேதான் நம் கரை வீடுகளுக்கு ஓர் இடக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுத் தொழிலை நம்பிய வீட்டில் காசு வற்றும் அந்த இரண்டு மாதத்தில்தான் பிள்ளை மே மாதம் கிளம்பும். ஒரு 50,000 யென்னுக்காவது மார்ச்சுக்கு முன்பே ஏற்பாடு செய்யாவிட்டால், சென்னை போக வரச் செலவுக்கும் வட்டிக்கு வாங்க நேரும். ஊரிலிருந்து சென்னை விமான நிலையம் வரைக்கும் உள்ள செலவை அவர்கள் ஏற்பார்களா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மிக்ஸியைக் கட்டி எடுத்துப் போகாதீர்கள். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் மிக்ஸி சரியாகச் சுற்றாது, கெட்டில் லேசில் கொதிக்காது. ஃபோன், லேப்டாப் சார்ஜரில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் ஓடும். ஆனால் தட்டையான இரட்டைக் கால் பிளக் வேண்டும். எடுத்துப் போக வேண்டியது அரைத்த பொடிகள்: மிளகாய்த்தூள், மல்லித்தூள், குழம்புத்தூள், பருப்புப்பொடி, புளி. பச்சைக் கறிவேப்பிலை, மாங்காய் விமான நிலையத்திலேயே பறிபோகும். கறி எந்த உருவத்திலும் கூடாது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு மாத அளவுக்கு மேல் கொண்டுபோவதானால் முன்அனுமதி வாங்க வேண்டும். சளி மருந்துகளில் சூடோஎபெட்ரின், கோடின் உள்ளவை ஆபத்து; அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

சாப்பாட்டில் பயம் வேண்டாம். ஒகினாவாவின் அடையாளக் காய் பாகற்காய். பப்பாளிக் காயைச் சீவிப் பொரிக்கிறார்கள், பீர்க்கங்காய் இனமும் உண்டு. மீன் கடையில் களவா, கிளிமீன் இரண்டையும் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவீர்கள். குழம்புத்தூள் இருந்தால் ஒரு கண்டமும் இல்லை. ஆனால் பன்றி எங்கும் இருக்கிறது. நூடுல்ஸ் சாறு, வதக்கிய காய், டின் இறைச்சி என்று கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். கீழக்கரை, பனைக்குளம் பிள்ளைகளும் சைவக்காரர்களும் வெளியே சாப்பிடும்போது கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். சைவம் என்று சொன்னாலும் சாறில் மீன் இருக்கும். அறையில் சமைப்பதுதான் நிம்மதி.

வெயில் நமக்குப் பொருட்டே அல்ல, 31, 32 டிகிரிதான். வியர்வை கொஞ்சம் கூடுதல். மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை மழைக்காலம், ஜூலையிலிருந்து புயல். ஐப்பசி கார்த்திகையில் புயலைப் பார்த்துப் பழகிய நமக்கு மாதம்தான் வித்தியாசம். வருடத்துக்கு ஏழெட்டுப் புயல் ஒகினாவாவை நெருங்கிப் போகும். அறிவிப்பு வந்த அன்றே கடையில் ரொட்டியும் தண்ணீரும் காலியாகிவிடும், பஸ் நின்றுவிடும். இரண்டு நாள் சாப்பாடு எப்போதும் அறையில் இருக்கட்டும். திரும்பும் டிக்கெட்டைச் செமஸ்டர் தொடங்கும் நாளோடு ஒட்டிப் போட வேண்டாம். ஸ்வெட்டர் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்துக்குள் ஏசி உறைய வைக்கும்.

போக்குவரத்தில்தான் அரை மதிப்பெண் குறைகிறது. தீவில் ரயில் இல்லை, நாஹாவில் ஓடும் மோனோ ரயிலைத் தவிர. விமான நிலையத்திலிருந்து ஒன்னாவுக்கு 58-ஆம் எண் நெடுஞ்சாலை வழியே 120-ஆம் எண் பஸ் போகிறது. ஒன்றரை மணி நேரமாவது பிடிக்கும். வளாகம் குன்றின் மேல். கார் இல்லாதவருக்கு மாலை ஆறு மணிக்கு மேல் ஊர் முடிந்தது. வண்டி இடது பக்கம்தான் ஓடுகிறது, இந்தியாவில் வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் அங்கே செல்லும். ஆனாலும் பயிற்சியாளர் ஓட்டலாமா என்று ஓஐஎஸ்டியில் கேட்டுவிட்டுச் சாவியைத் தொடுங்கள்.

மற்ற அரை, முன்பே சொன்ன கடல் ஆசைக்கு. சங்கு குளிக்கிறவர் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தாலும், ஜப்பானில் வேலை என்று நீருக்கடியில் மூழ்க அரசு உரிமம் வேண்டும். மூன்று மாதப் பயிற்சியாளருக்கு அது நடக்காது. மாதிரியை வேறு யாரோ எடுத்து வருவார்கள். நீங்கள் டிஎன்ஏ பிரித்துக்கொண்டிருப்பீர்கள். 200 மைக்ரோ லிட்டர் பிப்பெட்டை நாள் முழுக்க அழுத்தினால் கட்டைவிரல் மூட்டு வலிக்கும், அதுதான் அங்கே தினப்படி. ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போகலாம், வலை கட்டிய கடற்கரையில் மட்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே உலவும் பெட்டிச் சொறி என்ற ஜெல்லிமீன் நம் ஊர்ச் சொறி மாதிரி அரித்துவிட்டுப் போகாது, ஆளைக் கொல்லவும் கூடும். கரையில் வினிகர் பாட்டில் வைத்திருப்பார்கள். பட்ட இடத்தைத் தேய்க்காமல் அதை ஊற்றிவிட்டு உதவிக்குக் கூப்பிட வேண்டும். ராமேஸ்வரத்தில் சிப்பி பொறுக்கிப் பழகிய கைக்கு இன்னொரு எச்சரிக்கை. கூம்பு வடிவச் சங்கு அழகாகத் தெரிந்தால் எடுக்காதீர்கள். உள்ளே உயிர் இருந்தால் ஊசி போல் விஷம் பாய்ச்சும், ஒகினாவாவில் அதனால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள்.

கல்லூரிப் பக்கம் முடிக்க வேண்டியவை: துறைத்தலைவரிடம் தடையின்மைக் கடிதம், வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகாமல் ஏற்பாடு, பயிற்சியைக் கிரெடிட்டாக ஏற்பார்களா என்பது எழுத்தில். திரும்பி வந்து கேட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

மன்னார் வளைகுடாவில் எடுத்த பாசியோ பவளத் துண்டோ டிஎன்ஏ குழாயோ "அங்கே காட்டலாமே" என்று பையில் போட்டுக்கொண்டு போவது சட்டப்படி குற்றமாகிவிடும். உயிரி மாதிரிகளை ஆய்வுக்கு வெளிநாடு கொண்டுபோகச் சென்னையில் உள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். பவளமும் கடல் அட்டையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. பேராசிரியர் கேட்டாலும் விண்ணப்பம் வழியாகத்தான். ஒகினாவாக் கரையில் கிடக்கும் வெள்ளைப் பவளத் துண்டுகளுக்கும் கிட்டத்தட்ட இதே கதி. ஞாபகத்துக்கென்று இரண்டு எடுத்து வந்தால் சென்னைச் சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். புகைப்படம் எடுத்துக்கொண்டு வாருங்கள்.